மில் வீட்டில் குடியிருக்கும் அம்மணிக்கு

கண்ணு,

நீ அனுப்பிய போட்டோக்களை நானும் அம்மாவும் நாலு தடவை பார்த்துவிட்டோம். வாடகையைக் கேட்டு அம்மாவுக்குத் தலை சுற்றியது, அது இருக்கட்டும். மான்செஸ்டர் ஆன்கோட்ஸில் பழைய பஞ்சாலையை வீடாக்கியிருக்கிறார்கள், ஜன்னல் எல்லாம் எவ்வளவு பெரிசு பாருங்கப்பா என்று எழுதியிருந்தாய். இருபத்தாறு வருஷம் ஸ்பின்னிங்கில் நின்றவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அந்த ஜன்னல் வெளிச்சத்துக்கு அம்மணி, காற்று வாங்க இல்லை. நூற்கிற இடத்தில் காற்று காய்ந்துவிட்டால் இழை பட் பட்டென்று அறும். அந்தச் சீமையின் ஈரம் நூலுக்கு நல்லதாய்ப் போனது, இங்கே நமக்கு மெஷின் வைத்துப் புகை மாதிரி தண்ணீரை அடிப்பார்கள், சட்டை எந்நேரமும் நசநசவென்று இருக்கும், மூக்குக்குள் பஞ்சு. இழை அறுந்தால் முழங்காலால் பிரேக்கை அமுக்கி, நூல் சுற்றுகிற பாபினில் நுனியைத் தேடி எடுத்து, டிராவலர் என்கிற குட்டிக் கம்பி வளையத்தில் கோத்து, ரோலரில் இருந்து வருகிற பஞ்சோடு ஒட்ட வேண்டும். கண் மூடித் திறப்பதற்குள் முடிக்கணும், பக்கத்தில் இன்னும் ரெண்டு அறுந்திருக்கும்.

நீ இருக்கிற ஊரில் இழை ஒட்டியதில் நிறையப் பேர் பொடிசுகள். ஓடுகிற மெஷினுக்கு அடியில் புகுந்து பஞ்சு கூட்டியதும் அதுகள்தான். 9 வயது ஆகாத பிள்ளையைப் பஞ்சாலையில் வைக்கக் கூடாது என்று அங்கே சட்டம் போட்டதே 1819-இல். இங்கே 1881-இல், அதுவும் 7 வயது. அந்தச் சட்டத்துக்கு உன் ஊர்ப் பக்கத்து லங்காஷயர் மில் முதலாளிகளும் நெருக்கடி கொடுத்தார்கள், நம் பிள்ளைகள் மேல் உருகி அல்ல, பம்பாய் மில்காரன் மலிவாக விற்றுவிடுவானே என்று.

நம் கோயமுத்தூரில் ஸ்டேன்ஸ் துரை மில் 1888-இலேயே வந்தாலும், 1930-களில் நீலகிரி பைக்காராவில் இருந்து கரண்ட் வந்த பிறகுதான் வரிசையாக மில்கள் முளைத்தன. உன் தாத்தா காட்டில் பருத்தி எடுத்த வரைக்கும் வெயிலைப் பார்த்துத்தான் பொழுது கணக்கு. மில்லுக்குப் போனதும் சங்குதான் எல்லாம், பாட்டி உலை வைப்பதுகூட அதைக் கேட்டுத்தான். கொஞ்சம் பிந்தினால் கேட்டைச் சாத்திவிடுவார்கள், அன்றைய கூலி போச்சு. நைட் ஷிப்ட் முடிந்து தூங்குகிற உன் தாத்தாவை எழுப்பிவிடக் கூடாது என்று நாங்கள் பகலெல்லாம் கிசுகிசுவென்று பேசி வளர்ந்த பிள்ளைகள்.

ஆனாலும் மில்லைத் திட்ட எனக்கு வாய் வராது. காட்டுக்குச் சொந்தக்காரப் பண்ணாடி முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற அதே தாத்தா, சங்கத்தில் சேர்ந்து, மேனேஜருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து போனஸ் பேசிவிட்டு வந்தார். காட்டிலேயே இருந்திருந்தால் அது நடந்திருக்குமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

எங்கள் மில்லை மூடினபோது சேர வேண்டிய பணத்தில் பாதிதான் கைக்கு வந்தது, அது உனக்கும் தெரியும், உன் காலேஜ் பீஸ் கட்டின வருஷம். இப்போது அந்த இடத்தில் அபார்ட்மெண்ட், நீச்சல் குளம் வேறு.

சரி, ஒரு வேலை செய். உன் வீட்டில் பழைய மரத்தளம் மிச்சம் இருந்தால், ஓரத்தில் மெஷின் எண்ணெய் ஊறின கறை இருக்கிறதா என்று குனிந்து பார்த்து ஒரு போட்டோ அனுப்பு. பருப்புப் பொடி அடுத்த வாரம் பார்சலில் வரும்.

அப்பா