அந்த டோக்கனை எடுத்துவிடுங்கள்: எங்கள் ஷூ கம்பெனி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மேலாளர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் பேஸ்டிங் பிரிவில் ஒரு அக்கா மயங்கி விழுந்தது உங்களுக்குத் தெரியும். காலையில் சாப்பிடாமல் வந்திருப்பார் என்று சூப்பர்வைசர் சொன்னதும் உங்கள் காதுக்கு வந்திருக்கும். அவர் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார். தண்ணீர்தான் குடிக்கவில்லை. ஏன் குடிக்கவில்லை என்று யாரும் கேட்காததால் நான் எழுதுகிறேன்.

ஒரு லைனுக்கு ஒரே டோக்கன். பாத்ரூம் போனவர் திரும்பி வந்து அதைக் கொடுத்தால்தான் அடுத்தவர் எழுந்திருக்கலாம், கொஞ்சம் தாமதமானால் பெயரைக் குறித்துக்கொள்கிறார்கள், அதை எல்லார் முன்னாலும் சத்தமாகப் படிக்கவும் செய்கிறார்கள். மாதவிலக்கு நாட்களில் என்ன பாடு என்று உங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். இதற்குப் பயந்தே பாதிப் பேர் காலை டீயோடு நிறுத்திக்கொள்கிறோம். வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பாட்டில் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் அப்படியே திரும்பிப் போகிறது.

உடம்பு எப்போதும் 37 டிகிரியை ஒட்டியே இருக்கப் பார்க்கும். சூடு ஏறினால் மூளையில் இருக்கும் ஹைப்போதலாமஸ் அதைக் கண்டுபிடித்து, தோல் பக்கம் ரத்தத்தைக் கூடுதலாகத் திருப்பிவிடும், வியர்க்கவும் வைக்கும். வெளிக்காற்று தோலைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் சூடு தானாகவே இறங்கிவிடும். ஆனால் கத்திரியில் நம் பக்கம் வெளியிலேயே 40 டிகிரியைத் தாண்டுகிறது. உள்ளே தகரக் கூரை, பக்கத்தில் பசை காயவைக்கிற ஹீட்டர். தோலின் சூடு 35 டிகிரி அளவில்தான் என்பதால், அங்கே காற்று நம்மைக் குளிர்விக்காது, நமக்கே சூட்டை ஏற்றும். மிச்சம் இருப்பது வியர்வை ஒன்றுதான். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி சூட்டைக் கொண்டுபோகும். மண்பானையும் இப்படித்தான் குளிர்கிறது, ஆனால் அதில் யாராவது தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் ரத்தத்தின் அளவே குறைகிறது. தோலுக்கு அனுப்பினால் மூளைக்குப் போதவில்லை, ஆள் விழுகிறார். அதையும் மீறி உடம்பு 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு குழற ஆரம்பித்தால் உயிருக்கே ஆபத்து.

இன்னொன்று, வியர்வை சொட்டினால் பயனில்லை, ஆவியானால்தான் குளிர்ச்சி. அதற்குக் காற்று ஓட வேண்டும். எங்கள் ஷெட்டில் எக்ஸாஸ்ட் ஃபேன் நின்று எத்தனை நாளாயிற்று என்று மெயின்டனன்ஸ்காரரைக் கேளுங்கள். பசை டின் வெயிலில் கெட்டுவிடும் என்று அதற்குத் தனியாகக் குளிர்ச்சியான அறை இருக்கிறது, அதைப் பார்க்கையில் அடுத்த ஜென்மத்தில் பசையாகப் பிறக்கலாம் என்று தோன்றுகிறது. நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லா கோட்டை என்று வேலூரைச் சொல்வார்கள். பூட்டாமலேயே பூட்டி வைத்த பாத்ரூமையும் அதில் சேர்த்துவிடலாம்.

தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்றே அறிவித்துவிட்டது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் வெயில் காலத்தில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். குடிநீர் வைத்திருக்கிறோமே என்பீர்கள். சரி, வைத்திருக்கிறீர்கள். குடித்தால் போக வேண்டுமே, ஐயா!

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டார்கெட்டைக் குறைக்கச் சொல்லவில்லை, ஏசி கேட்கவில்லை. டோக்கனை எடுத்துவிடுங்கள், ஃபேனை ஓடவிடுங்கள், மதியத்துக்கு மேல் இரண்டு முறையாவது தண்ணீர் குடிக்கவும் போய்வரவும் பத்து நிமிடம் கொடுங்கள். கத்திரி முடிந்தபிறகு கூட்டம் போட்டுப் பேச வேண்டாம். நாளைக் காலை ஷிஃப்டிலிருந்தே டோக்கன் வேண்டாம் என்று சூப்பர்வைசர்களிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்டிட்சிங் லைனில் ஒருத்தி