'ரன் எனிவே' அழுத்துவதற்கு முன்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால், விசைப்படகுத் தொழிலில் இருப்பவர்கள் ஜூன் 14 வரை கரையில்தான் இருப்பீர்கள். பிள்ளைகளுக்கும் விடுமுறை வந்துவிடும். அவர்கள் மடிக்கணினியில் எதை இறக்குகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

பாடத்துக்கு வேண்டிய பைதான் என்ற நிரல்மொழியோ, தமிழ்த் தட்டச்சு மென்பொருளோ, எதை நிறுவப் போனாலும் சில நேரம் ஒரு நீலப் பெட்டி குறுக்கே வரும். 'விண்டோஸ் ப்ரொடெக்டட் யுவர் பிசி' (விண்டோஸ் உங்கள் கணினியைக் காத்தது) என்று இருக்கும். கீழே 'டோன்ட் ரன்' (இயக்காதே) பொத்தான் மட்டும் தெரியும். 'மோர் இன்ஃபோ' என்ற சின்ன எழுத்தைத் தொட்டால்தான் கோப்பின் பெயரும், வெளியிட்டவர் பெயரும், 'ரன் எனிவே' (இருந்தாலும் இயக்கு) பொத்தானும் வரும். பிள்ளைகளுக்கு இந்த வழி மனப்பாடம். இரண்டு தட்டு, வேலை முடிந்தது. நடுவில் உள்ள 'பப்ளிஷர்' வரியைப் படிப்பதே இல்லை. என் கவலையெல்லாம் அந்த ஒரு வரிதான்.

பெட்டி வந்தாலே வைரஸ் என்று அர்த்தமில்லை. வெளியிட்டவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் வாங்கப் பணம் ஆகும் என்பதால், தனி ஆளாக எழுதி இலவசமாகத் தருபவர்கள் பலர் அதை வாங்குவதில்லை. அதிகம் பேர் இறக்காத புதுக் கோப்புக்கும் இதே பெட்டி வரும். பாம்பனில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் நாம் ஊரைக் காலி செய்வதில்லை. ஆனால் அதைக் கவனிக்காமலும் இருப்பதில்லை. இதுவும் அப்படித்தான். 'அன்னோன் பப்ளிஷர்' (வெளியிட்டவர் யாரெனத் தெரியவில்லை) என்று இருந்தால் பிள்ளையிடம் கேளுங்கள்: எங்கிருந்து இறக்கினாய்? செய்தவரின் சொந்தத் தளமா, யாரோ அனுப்பிய இணைப்பா? பதில் தடுமாறினால் கோப்பை அழிக்கச் சொல்லுங்கள். காசுக்கு விற்கும் விளையாட்டை இலவசமாகத் தருகிறோம், முதலில் ஆன்டிவைரஸை அணைத்துவிடு என்று சொல்லும் எதையும் தொடவே கூடாது.

அப்புறம், செல்போன். தடைக்கால நிவாரணம் பார்க்க என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு) வந்தால் திறக்காதீர்கள். நிவாரணம் வங்கிக் கணக்குக்கு நேராக வருவது. அதற்கு எந்த ஏபிகேயும் தேவையில்லை. இப்படிப்பட்ட செயலிகள் குறுஞ்செய்தி படிக்க அனுமதி வாங்கி ஓடிபியை எடுத்துவிடும். பணம் போனால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

சந்தேகமான கோப்பைப் பென்டிரைவில் பள்ளிக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம். கோப்பின் பெயரையும் இறக்கிய தளத்தையும் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள், எங்கள் கணினி ஆசிரியர் பார்த்துச் சொல்வார்.

அன்புடன்,
தலைமையாசிரியர்