பொருள்: பிஃப்த் வீல் பழுதில் தவறான வேலை, தேவையில்லாத கிங் பின் மாற்றம் குறித்த புகார்

அனுப்புநர்: ஒற்றை டிரெய்லர் உரிமையாளர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்
பெறுநர்: சேவைப் பிரிவு மேலாளர், தலைமை அலுவலகம்

ஐயா,

கஞ்சிக்கோட்டிலுள்ள உங்கள் அங்கீகாரம் பெற்ற பட்டறையில் என் நாற்பது அடி டிரெய்லரை இரண்டு முறை விட்டேன். இரண்டு பில்லும் சேர்த்து ரூ. 18,400. வண்டி எந்தக் கோளாறோடு உள்ளே போனதோ அதே கோளாறோடு வெளியே வந்தது. அது மட்டுமென்றால் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன்.

வண்டியை நானே ஓட்டுகிறேன். அக்கா மகன் கூட வருவான். கஞ்சிக்கோட்டில் சரக்கு ஏற்றி கொச்சி வல்லார்பாடம் கண்டெய்னர் துறைமுகத்துக்குப் போவதுதான் பிழைப்பு. பிரேக் பிடித்தால் பின்னாலிருந்து 'டக்'கென்று ஒரு இடி, கிளம்பும்போது மறுபடி ஒரு இடி. குதிரான் சுரங்கம் தாண்டி பட்டிக்காடு பக்கம் வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம் முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுவது போல இருக்கும். டிரெய்லரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கிங் பின்னுக்கும், முன் வண்டியின் முதுகிலுள்ள பிஃப்த் வீல் என்னும் இணைப்புத் தட்டில் அதைப் பிடிக்கும் தாடைக்கும் நடுவே ஆட்டம் விழுந்துவிட்டது என்று வண்டி ஓட்டும் யாருக்கும் தெரியும்.

முதல் முறை கிரீஸ் அடித்து, 'லாக் அட்ஜஸ்ட்மென்ட்' என்று பில் போட்டார்கள். இடி நிற்கவில்லை. இரண்டாம் முறை கிங் பின் தேய்ந்துவிட்டது என்று சொல்லி மாற்றினார்கள். எத்தனை மில்லி தேய்ந்திருக்கிறது என்று கேட்டதற்கு, "ஒரு குழப்பவும் இல்லா சேட்டா" என்றார் அங்கிருந்த அட்வைசர். மலையாளத்தில் அதற்குப் பிரச்சினை இல்லை என்று அர்த்தம். தமிழில் குழப்பம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். எனக்கு மிஞ்சியது அதுதான்.

அதற்கடுத்த வாரம் வல்லார்பாடம் யார்டில் டிரெய்லரை மாட்டும்போது தாடையைப் பூட்டும் லாக் கைப்பிடி முழுசாக உள்ளே போகாமல் இரண்டு விரல் வெளியே நின்றது. கழற்றிக் கழற்றி மூன்று முறை மாட்டினேன். நான்காவது முறை போய்விட்டது போலத் தெரிந்தது. வழக்கம்போல டிரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கும் லெக்கைத் தூக்காமல், டிரெய்லர் பிரேக்கைப் போட்டுவிட்டு, முதல் கியரில் மெல்ல இழுத்துப் பார்த்தேன். முன் வண்டி மட்டும் கழன்று ஓரடி நகர்ந்தது. ஏர் ஹோஸ் விறைத்து நின்றது. லெக் கீழே இருந்ததால் ஒன்றும் விழவில்லை. இதே சங்கதி ஆலத்தூர் பக்கம் ரோட்டில் நடந்திருந்தால்? அக்கா மகன் அன்று இரவு சாப்பிடவே இல்லை.

உங்கள் பட்டறைக்கு போன் செய்தேன். டிரெய்லரை உயரமாக வைத்து மாட்டியிருப்பீர்கள், டிரைவர் தப்பு என்றார்கள். உயரமாக மாட்டினால் கிங் பின் தாடைக்குள் விழாமல் மேலேயே உட்காரும், டிரெய்லரின் அடித்தட்டுக்கும் பிஃப்த் வீல் தட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். டார்ச் அடித்துப் பார்த்தவன் நான். தட்டுகள் ஒட்டித்தான் இருந்தன.

பிறகு வேலந்தாவளத்தில் தெரிந்த மேஸ்திரி ஒருவரிடம் காட்டினேன். தட்டைச் சுத்தமாகத் துடைத்ததும் தாடைக்குப் பின்னால் பழைய கிரீஸும் மணலும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது தெரிந்தது. லாக் உள்ளே போகாததற்கு அதுதான் காரணம். அதன் மேலேயே புதுக் கிரீஸை அப்பியிருக்கிறார்கள். ஆட்டத்தைக் குறைக்கும் அட்ஜஸ்ட் திருகில் ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. வருஷக்கணக்கான துரு அப்படியே இருந்தது. அதைத் திருகியதாகத்தான் முதல் பில். படம் இணைத்திருக்கிறேன்.

இரண்டாவது பில்லின் கதை இன்னும் மோசம். கழற்றிய பழைய பின்னை உங்கள் பையன் ஒருவன் என் டூல் பாக்ஸிலேயே போட்டிருந்தான் (அவனை ஒன்றும் சொல்லிவிடாதீர்கள், எனக்கு உதவியது அவன்தான்). மேஸ்திரி வெர்னியர் வைத்து அளந்தார். 50.3 மி.மீ. இரண்டு அங்குலப் பின் புதிதாக இருக்கும்போது 50.8, அதை 49 வரை ஓட்டலாம். நல்ல பின்னைக் கழற்றிவிட்டு, தேய்ந்த தாடையை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

திருகைத் தளர்த்தி, தாடையைச் சுத்தம் செய்து, தேய்ந்த பாகத்தை மாற்றிக் கொடுத்தார் மேஸ்திரி. இப்போது இடி இல்லை. அவர் வாங்கிய கூலியை இங்கே எழுதினால் உங்களுக்குத்தான் சங்கடம்.

ரூ. 18,400-ஐ முழுதாகத் திருப்பித் தர வேண்டும். டிரைவர் தப்பு என்று சொன்னதை எழுத்தில் விலக்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டறையில் அளந்து பார்க்காமல் கிங் பின் மாற்றும் பழக்கம் இருக்கிறதா என்று நீங்கள் விசாரிக்க வேண்டும், ஏனென்றால் எனக்குப் பின்னால் அங்கே நான்கு டிரெய்லர்கள் வரிசையில் நின்றதைப் பார்த்தேன். 15 நாளில் பதில் வராவிட்டால் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். வியாபாரத்துக்கு வாங்கிய வண்டி என்று சொல்லித் தட்டிக் கழிக்க முடியாது. சொந்த உழைப்பில் ஒரு வண்டி ஓட்டிப் பிழைப்பவனுக்கு 2019-ம் ஆண்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

பழைய பின் என் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறது. உங்கள் ஆள் வெர்னியரோடு வந்தால் எடுத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
டிரெய்லர் உரிமையாளர், ஓட்டுநர்
கொழிஞ்சாம்பாறை

இணைப்பு: இரண்டு பில் நகல்கள், அட்ஜஸ்ட் திருகின் படங்கள், மேஸ்திரி எழுதிக் கொடுத்த அளவுச் சீட்டு