பழைய நகை எடுக்கிற ரேட்டையும் போர்டுல போடுங்க

ஐயா,

தங்கம் ஏறினதும் ஆளாளுக்குப் பழைய நகையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாங்க, கடைக்காரர் உரைகல்லுல ஒரு இழு இழுத்து ஆசிட் சொட்டு விட்டு "டச் கம்மிம்மா"ன்னா, அதாவது தங்கத்தோட சுத்தம் குறைவுன்னா, அதோட பேச்சு முடிஞ்சுது, கல்லு அரக்கு அழுக்குன்னு எடையில வேற கழிப்பாங்க. 916 (22 காரட்) நகைன்னா ஒரு பவுன்ல, அதாவது 8 கிராம்ல, சுத்தத் தங்கம் சுமார் 7.33 கிராம் இருக்கணும். நகையில கேடிஎம்னு இருக்கறதை நம்பாதீங்க, அது காட்மியம் சேர்த்துப் பத்தவைச்சதைத்தான் சொல்லுது, தங்கத்தோட தரத்தை இல்ல. சந்தேகம்னா பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) அங்கீகாரம் உள்ள ஹால்மார்க் சென்டர்ல நாமளே கொடுத்து டெஸ்ட் பண்ணலாம், பலருக்கு இது தெரியவே மாட்டேங்குது. விக்கிற ரேட்டைப் பெருசா எழுதி வைக்கிற கடைங்க, எடுக்கிற ரேட்டையும் கழிவையும் பக்கத்துலயே எழுதினா என்னவாம்? அரசு இதைக் கட்டாயமாக்கணும்.

– வாசகி, மதுரை