அந்த இரவுக்கு ஏழு வாசகமும் வேண்டும்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. எழுத உட்கார்ந்தபோதெல்லாம், நீ கேட்டதற்கு அரைப் பக்கத்தில் பதில் சொல்ல முடியாது என்று எடுத்து வைத்துவிட்டேன். இன்று வீட்டில் யாரும் இல்லை, ஒத்திகையும் இல்லை. நிதானமாக எழுதுகிறேன்.

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தின இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பின் பாடல்களையும் மன்றாட்டுகளையும் இந்த ஆண்டு உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அம்மா போன பிறகு பாடகர் குழுப் பக்கமே போகவில்லை என்று போன வருடம் எழுதியிருந்தாய். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். இப்போது நீ திரும்பி வருவது இந்த இரவு வழியாக என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், பழைய ஏற்பாட்டு வாசகம் மூன்று போதும் என்று குழுவில் சொல்கிறார்களாம். நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டிருக்கிறாய். இந்த இரவுக்கு உள்ள ஏழும் வேண்டும். மூன்றுக்கு அனுமதி இருக்கிறது, மறுக்கவில்லை. செங்கடலைக் கடக்கும் விடுதலைப் பயண வாசகத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடக் கூடாது என்பதும் விதியிலேயே இருக்கிறது. ஆனால் அந்த அனுமதியைப் பயன்படுத்திப் பார்த்தவன் நான். அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

நான்கு வருடத்துக்கு முன் எங்கள் பங்கில் நான்தான் நேரத்தைக் குறைத்தேன். மூன்று வாசகம். ஒவ்வொரு வாசகத்துக்கும் பின் மக்கள் பதில் வரி பாடும் பதிலுரைத் திருப்பாடல்களையும் எடுத்துவிட்டு, எல்லோருக்கும் தெரிந்த பக்திப் பாடல்களைப் போட்டேன். மக்கள் நன்றாகத்தான் பாடினார்கள். நேரத்துக்கு முடிந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போது என் மனைவி ஒன்று கேட்டாள்: "இருட்டில் உட்கார்ந்த மாதிரியே இல்லையே, அதுக்குள்ளே மணி அடிச்சிட்டாங்க?" அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. திருவிழிப்பு என்றால் விழித்துக் காத்திருப்பது. காத்திருக்கவே விடாமல் விடியலைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டேன்.

குழுவில் பேசும்போது உனக்கு உதவும் என்பதால் சில விவரங்கள். பழைய திருப்பலி நூலில் இந்த இரவுக்குப் பன்னிரண்டு வாசகங்கள் இருந்தன. ஆனால் பல நூற்றாண்டுகளாக இந்த வழிபாடே சனிக்கிழமை காலைக்கு நகர்ந்துவிட்டிருந்தது. நல்ல வெயிலில் நின்று, பாஸ்கா மெழுகுதிரிக்கு முன் பாடும் புகழுரையில் "இதுவே அந்த இரவு" என்று பாடியிருக்கிறார்கள்! 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர்தான் அதை மறுபடி இரவுக்குக் கொண்டுவந்தார். அப்போது வாசகங்கள் நான்காகக் குறைந்தன. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வந்த சீர்திருத்தத்தில் ஏழாயின. ஆக, ஏழு என்பதே ஏற்கெனவே யோசித்துச் சுருக்கிய எண். 1988இல் பாஸ்கா கொண்டாட்டம் பற்றி உரோமையிலிருந்து வந்த சுற்றறிக்கை இன்னொன்றும் சொல்கிறது: அற்பமான பாடல்கள் திருப்பாடல்களின் இடத்தைப் பிடித்துவிடாமல் மிகக் கவனமாக இருக்க வேண்டும் என்று. நான் செய்தது அதையேதான். அந்த வரியைப் பிறகு படித்தபோது எனக்குச் சுருக்கென்றது.

போன வருடம் ஏழும் வைத்தோம். வாசகம், திருப்பாடல், எழுந்து நின்று செபம், மறுபடி உட்கார்வது. எல்லாம் சேர்த்து 55 நிமிடம் ஆனது. யாரும் எழுந்து போகவில்லை. குழந்தைகள் சில பேர் தூங்கினார்கள், தூங்கட்டும். மணிச் சத்தத்தில் விழித்துக்கொண்டார்கள்.

மக்களைக் கேட்கிறவர்களாக மட்டும் உட்கார வைத்தால் ஏழு வாசகம் பாரம்தான். அதைத் தாங்க வைப்பது பதிலுரை. ஒவ்வொரு வாசகத்துக்கும் அவர்கள் வாயில் ஒரு வரி இருக்க வேண்டும். படைப்பைக் கேட்டதும் திருப்பாடல் 104: உம் ஆவியை அனுப்பி மண்ணகத்தின் முகத்தைப் புதுப்பியும் என்ற வேண்டுதல். ஆபிரகாம் மகனைப் பலியிடப் போன கதைக்குப் பின் 16. அங்கே மெட்டு மிக எளிமையாக இருக்கட்டும். அந்த வாசகம் முடிந்ததும் யாருக்கும் பெரிய ராகம் கேட்கத் தோன்றாது. எசாயா 54க்குப் பின் 30, புலம்பலைக் களிநடனமாக மாற்றினீர் என்று வருவது. அதைப் பாடும்போது உனக்கு அம்மா நினைவு வரும். வரட்டும், நிறுத்திவிடாதே. அடுத்த வாசகம் எசாயா 55, அதற்கு எசாயா 12இல் வரும் மீட்பின் ஊற்று. பாரூக்குக்கு 19.

மூன்றாவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். விடுதலைப் பயண வாசகம் முடிகிற இடத்தைப் பார்த்திருப்பாய். மோசேயும் மக்களும் இந்தப் பாடலைப் பாடினார்கள் என்பதோடு வாசகம் நிற்கிறது. அடுத்த நொடியே பாடல் வர வேண்டும். முன்னுரை, அறிவிப்பு, கீபோர்டில் நீண்ட முன்னிசை எதுவும் நடுவில் வேண்டாம். வாசகர் கடைசி வாக்கியத்துக்கு வரும்போதே பாடுகிறவர் மைக் முன் நிற்க வேண்டும், சுருதி காதில் இருக்க வேண்டும். நாங்கள் இதை மட்டும் தனியாக ஆறு முறை ஒத்திகை பார்த்தோம். வாசகரையும் வரவழைத்துத்தான். போன வருடம் அந்த இடத்தில் கோயில் முழுக்க ஒரே மூச்சில் பதில் பாடியது. கடலைக் கடந்து வந்தவர்கள் இப்படித்தான் பாடியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. தாளத்தைக் கொஞ்சம் தாராளமாக விட வேண்டிய இடமும் அதுதான்.

ஏழு வரிகளை மக்கள் எப்படிக் கற்பார்கள் என்று குழுவில் கேட்பார்கள். தவக்காலம் முழுவதும் இருக்கிறதே. ஒவ்வொரு ஞாயிறும் திருப்பலிக்கு ஐந்து நிமிடம் முன்னால் ஒரே ஒரு வரியைச் சொல்லிக் கொடுத்தோம். புது மெட்டு மூன்றுதான், மற்றவை அவர்கள் ஏற்கெனவே பாடிய மெட்டுகள். பாடல் தாள் அச்சடித்தும் பயனில்லை, இருட்டில் யார் படிப்பது? மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு தாளைப் பார்க்கவும் முடியாது. மனப்பாடமாகிற அளவுக்கு வரி சின்னதாக இருந்தால் போதும்.

அப்புறம் நீ எழுதியிருந்த டிராக் விஷயம். பதிவு செய்த இசையை ஓடவிட்டு அதோடு பாடலாம், ஆள் பற்றாக்குறைக்கு அது உதவும் என்று. வேண்டாம். உன்னோடு நான் ஒத்துப்போகாத ஒரே இடம் இது. அந்த இரவில் எதுவும் குறித்த நொடியில் நடப்பதில்லை. காற்றில் தீ பற்றாது, பவனி மெதுவாக நகரும், வயதான ஒருவர் வாசகத்தை நிறுத்தி நிறுத்திப் படிப்பார். டிராக் யாருக்காகவும் காத்திருக்காது. இரண்டே பேர் இருந்தாலும் வாயால் பாடுங்கள். பெரிய வியாழன் திருப்பலியில் 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாடல் முடிந்ததிலிருந்து மணியும் இல்லை, இசைக்கருவி இருந்தாலும் பாட்டைத் தாங்குவதற்கு மட்டும்தான். அந்த ஒழுங்கு விழிப்பின் 'உன்னதங்களிலே' வரைக்கும் நீளும். ஆக, கருவி குறைவாக இருப்பது அந்த ஏழு வாசக நேரத்துக்குப் பொருத்தம்தான்.

ஒளிப் பவனிக்கு ஒரே குறிப்பு. "கிறிஸ்துவின் ஒளி" என்று மூன்று இடத்தில் நின்று பாடும்போது ஒவ்வொரு முறையும் சுருதி ஏறுவது வழக்கம். முதல் முறை எவ்வளவு தாழ்வாகத் தொடங்க முடியுமோ அவ்வளவு தாழ்வாகத் தொடங்கச் சொல். வெளியே குளிரிலும் புகையிலும் நின்றுவிட்டு உயரத்தில் ஆரம்பித்தால் மூன்றாவது முறை குருவானவருக்கும் எட்டாது, மக்களுக்கும் எட்டாது.

பாஸ்கா புகழுரை பற்றி எழுதினால் என் செய்தியையும் எழுத வேண்டும். இந்த ஆண்டு நான் பாடவில்லை. தொண்டையில் கட்டி மாதிரி எதுவும் இல்லை, பயப்படாதே. குரல்நாண்கள் களைத்துவிட்டன, ஆறு மாதம் ஓய்வு வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பத்தொன்பது வருடம் தொடர்ந்து பாடினேன். முதல் வாரம் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. பிறகு எங்கள் குழுவில் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தியைக் கேட்டேன். திருத்தொண்டரோ குருவோ இல்லாமல் பொதுநிலையினர் பாடினால் "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்ற உரையாடலையும் இன்னும் ஒரு பகுதியையும் விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். என் பழைய தாளில் அவற்றைப் பென்சிலால் அடித்துக் கொடுத்தேன்.

சொல்லிக் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் அந்தப் புகழுரையை நானே சரியாகக் கேட்டேன். மெட்டு ஒரு சின்ன வட்டத்துக்குள்ளேயே சுற்றி வருகிறது. குரல் வித்தைக்கு அங்கே இடமே இல்லை, சொல்தான் முன்னால் நிற்க வேண்டும். "இதுவே அந்த இரவு" என்று திரும்பத் திரும்ப வரும் இடத்தில் நான் எப்போதும் குரலை உயர்த்திவிடுவேன். அந்தப் பெண் உயர்த்தவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல் சொன்னாள். தேனீக்களின் உழைப்பில் வந்த மெழுகு என்ற வரியில் லேசாகச் சிரித்தாள். கடவுளுக்கு முன் இவ்வளவு பெரிய புகழ்ச்சியில் தேனீயையும் மறக்காமல் சேர்த்திருக்கிறார்களே என்றாள். பத்தொன்பது வருடத்தில் அந்த வரியில் நான் நின்றதே இல்லை.

அவளிடம் பழைய புகழுரைச் சுருள்களைப் பற்றியும் சொன்னேன், உனக்கும் பிடிக்கும். பத்தாம் நூற்றாண்டிலிருந்து தென் இத்தாலியில் இந்தப் புகழுரையை நீளமான தோல் சுருளில் எழுதி வைத்திருந்தார்கள். பல சுருள்களில் எழுத்து ஒரு பக்கம் பார்த்திருக்கும், படங்கள் தலைகீழாக இருக்கும். திருத்தொண்டர் பாடப் பாடச் சுருள் மேடைக்கு முன்னால் கீழே இறங்கும். அப்போது கீழே நிற்கிற மக்களுக்குப் படம் நேராகத் தெரியும். பாடுகிறவனுக்கு வேண்டியதும் கேட்கிறவனுக்கு வேண்டியதும் ஒரே தோலில்! உன் குழுவில் யாராவது "மக்களுக்கு இதெல்லாம் புரியாது" என்று சொன்னால் இதைச் சொல்.

ஏழாவது வாசகத்தின் செபம் முடிந்ததும் 'உன்னதங்களிலே'. பலிபீட மெழுகுதிரிகள், மணி, விளக்கு, கருவிகள் எல்லாம் ஒன்றாக வரும் இடம். புது மெட்டை அங்கே வைக்காதே. தூக்கத்தில் எழுப்பினாலும் பாடுவார்களே, அந்த மெட்டைப் போடு. உரோமையர் 6க்குப் பிறகு அல்லேலூயா. திருநீற்றுப் புதன் முதல் நாம் வாயில் எடுக்காத சொல். குருவானவர் மூன்று முறை சுருதி ஏற்றிப் பாடுவார், மக்கள் ஒவ்வொரு முறையும் திருப்பிப் பாட வேண்டும். தனியாகப் பாடத் தயங்குகிறவராக இருந்தால் பாடகரே தொடங்கலாம், அவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள். அந்த முதல் அல்லேலூயாவுக்கு நாற்பது நாளுக்கு மேல் காத்திருந்திருக்கிறோம், அவசரமாகத் தாண்டிவிடக் கூடாது.

மன்றாட்டுகள். திருமுழுக்கு இருக்கிறதா என்று நீ எழுதவில்லை. இருந்தால் புனிதர்களின் மன்றாட்டு மாலையைப் பாட வேண்டும், எல்லோரும் நின்றுகொண்டே. பெயர்களை வேகமாகவும் சீராகவும் நடக்கிற தாளத்தில் பாடுங்கள், திருமுழுக்குப் பெறுகிறவர்களின் பெயர்ப் புனிதர்களையும் சேர்த்துக்கொள். நம்பிக்கையாளர் மன்றாட்டை மட்டும் நீயே உட்கார்ந்து எழுது, ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுக்காதே. பிரித்தால் ஒவ்வொருவரும் ஒரு சின்னப் பிரசங்கம் எழுதிவிடுவார்கள். திருச்சபை, உலகம், துன்பப்படுகிறவர்கள், நம் சமூகம். நான்கு போதும், ஒவ்வொன்றும் ஒரே வாக்கியம். புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள் முதல் முறையாக மற்றவர்களோடு நின்று இந்த மன்றாட்டில் பங்கெடுப்பதும் இங்கேதான், அவர்களில் ஒருவர் வாசித்தால் நன்றாயிருக்கும். இறந்தவர்களுக்கான வேண்டுதலை மூன்றாவதில் சேர்த்து எழுது. அங்கே எந்தப் பெயரும் சொல்ல வேண்டாம், வாசித்த பிறகு மூன்று மூச்சு அளவுக்கு அமைதி விடச் சொல். அவரவர் பெயரை அவரவர் சொல்லிக்கொள்வார்கள். நீயும்.

காணிக்கைப் பாடல், திருவிருந்துப் பாடல் எல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குள் எல்லோரும் மகிழ்ச்சியில் இருப்பார்கள், எதைப் போட்டாலும் பாடுவார்கள்.

இப்போது எனக்கு ஒரு உதவி. எங்களுக்கு இந்த ஆண்டு இரண்டு பேருக்குத் திருமுழுக்கு இருக்கிறது. அதனால் ஏழாவது வாசகமான எசேக்கியேலுக்குப் பின் திருப்பாடல் 42ஐ எடுத்திருக்கிறேன், நீரோடைக்கு ஏங்கும் மான். அதற்கு நீ ஒரு மெட்டுப் போட்டிருந்தாய், நாம் இருவரும் கல்லூரி விடுதி மாடியில் பாடிப் பார்த்தோமே. பதிலுரை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடவுளின் முன்னிலையில் எப்போது வந்து நிற்கப் போகிறேன் என்ற இடத்தில் மெட்டு கீழே இறங்குமா, மேலேயே நிற்குமா என்பதுதான் மறந்துவிட்டது. இரண்டு விதமாகவும் முனகிப் பார்த்தேன், எதுவும் சரியாக இல்லை. குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, ஃபோனில் ஒரு முறை பாடிப் பதிவு செய்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு முன்னால் கிடைத்தால் அன்றே சொல்லிக் கொடுத்துவிடுவேன்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்