எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்த எண்ணெய்க்கு நியாயம் கேட்க: கிராமக் கூட்டுக் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

அனைவருக்கும் வணக்கம்.

எண்ணூர் முகத்துவாரத்தையும் அதையொட்டிய கடலையும் நம்பித் தொழில் செய்கிற குப்பங்கள் சேர்ந்து அமைத்த குழு இது. படகுக்காரர்கள், கூடை தூக்கி மீன் விற்கும் பெண்கள், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள், உடன் நிற்கும் சில வழக்கறிஞர்கள் எல்லோரும் இதில் இருக்கிறோம். மிச்சமிருக்கும் கசடை எடுக்கவும், அலையாத்தியை மீட்கவும், வழக்கு நடத்தவும் உங்களிடம் பணம் கேட்கிறோம். மூன்றில் வழக்குக்குத்தான் காலக்கெடு இருக்கிறது.

2017 ஜனவரி 28 விடியற்காலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் கசியவில்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு சுமார் 20 டன் என்றார்கள். எர்ணாவூர் பாறைகளுக்கு நடுவே அள்ளிய கசடு அதைப்போலப் பல மடங்கு. கப்பல் எரிபொருள் கடல் நீரோடு கலந்து அலையில் அடிபட்டால் கெட்டியாகி, மூன்று நான்கு மடங்கு பருத்துவிடும். பம்பால் உறிஞ்ச முடியாத அந்தக் கசடை மாணவர்களும் தன்னார்வலர்களும் கூலியாட்களும் வாளியால் அள்ளியதை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு கொட்டியது, அதில் தண்ணீர் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்ற சண்டை அன்றே தொடங்கிவிட்டது. அந்தச் சண்டையில் வைக்க எங்கள் கையில் ஒரு தாள்கூட இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கும் மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்தது. இந்த முறை கடலிலிருந்து கரைக்கு அல்ல, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கும் முகத்துவாரத்துக்கும். வீட்டுச் சுவரில் கறுப்புக் கோடு, வலையில் பிசின், இறக்கை ஒட்டிப் பறக்க முடியாத கூழைக்கடாக்கள். 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000 ரூபாயும் அரசு அறிவித்தது. அந்த நேரத்தில் அது கைகொடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் அது நிவாரணம். அழுக்காக்கியவர் கொடுக்க வேண்டிய இழப்பீடு வேறு, அது நீதிமன்றத்தில் நிரூபித்துப் பெற வேண்டியது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. அழுக்காக்கியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டம்தான் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்னது, வேலூர் தோல் பதனிடும் ஆலைகளால் பாழான பாலாற்றுக்காகப் போட்ட வழக்கில். 2011-இல் மும்பைக்கு அருகே ஒரு சரக்குக் கப்பல் மூழ்கி எண்ணெய் கசிந்ததற்காக, 2016-இல் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 100 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. தீர்ப்பாயச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் இழப்பீடும் கேட்கலாம், சுற்றுச்சூழலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்படியும் கேட்கலாம். ஆனால் மனு ஐந்து ஆண்டுக்குள் போக வேண்டும், தக்க காரணம் காட்டினால் அதற்கு மேல் அறுபது நாள். 2017 கசிவுக்கு அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. 2023 கசிவுக்கு 2028 டிசம்பரில் முடிகிறது.

தீர்ப்பாயம் தானாகவே எடுத்து விசாரித்த வழக்கு இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது பெரிய உதவி. ஆனால் நெட்டுக்குப்பத்தில் ஒரு பெண்ணுக்கு எத்தனை வாரம் வியாபாரம் போனது என்பதை அந்தப் பெண் சொல்லாமல் யாரும் எழுத மாட்டார்கள். கையால் இறால் பிடிப்பவருக்குப் படகுப் பதிவு கிடையாது, மீன் விற்பவருக்கு ரசீது கிடையாது. பட்டியல் போடும்போது முதலில் விடுபடும் பெயர்கள் இவர்களுடையவைதான். வீடு வீடாகப் போய் எழுதி, வட்டிக்கு வாங்கிய கடன், அடகு வைத்த நகைச் சீட்டு, வியாபாரியின் கணக்கு நோட்டு என்று கிடைப்பதைச் சேர்த்து, ஒவ்வொருவர் பெயரிலும் உறுதிமொழிப் பத்திரம் தயாரிக்கிறோம். எழுதப் படிக்கத் தெரிந்த எங்கள் பிள்ளைகள்தான் செய்கிறார்கள். அவர்களுடைய நாள்கூலிக்கும் நோட்டரிக்கும் போகிற பணம்தான் இந்த வேண்டுகோளில் மிக முக்கியமானது என்று குழு கருதுகிறது.

அடுத்த செலவு ஆய்வகம். எண்ணெய்க்குக் கைரேகை உண்டு. எளிதில் சிதையாத சில மூலக்கூறுகளின் விகிதத்தை வைத்து, சேற்றில் கிடப்பது எந்த இடத்து எண்ணெயோடு பொருந்துகிறது என்று சொல்ல முடியும். மாதிரியைப் பிளாஸ்டிக்கில் எடுக்கக் கூடாது, கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து வெளிச்சம் படாமல் குளிரில் வைக்க வேண்டும். யார் எடுத்தார், யார் கையில் மாறியது என்பதற்குத் தொடர்ச்சியான பதிவு வேண்டும், இல்லையென்றால் எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் தள்ளிவிடும். காலால் கிளறினால் இன்றும் படலம் மிதந்து வருகிற இடங்கள் எங்களுக்குத் தெரியும். ஆண்டு போகப் போக அதுவும் சிதைந்துகொண்டே போகிறது.

அலையாத்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மரம் நட வருகிறோம் என்று பல நல்ல உள்ளங்கள் கேட்கிறார்கள். நடுவது பிறகு. அலையாத்தி மரங்களில் ஒன்றான வெண்கண்டல் சேற்றுக்கு மேலே நீட்டும் வேரால் மூச்சு விடுகிறது, அதன்மேல் எண்ணெய் பூசினால் மரம் திணறும். கூட்டமாக இறங்கி மிதித்தால் மேலே கிடக்கும் எண்ணெய் வேரடிக்கே போய்விடும். அதனால் பலகை போட்டு, சிலராக, கையால்தான் எடுக்கிறோம். அனல்மின் நிலையச் சாம்பலும் மண்ணும் தூர்த்த சிறு ஓடைகளைத் திறந்து ஏற்றவற்றத் தண்ணீர் உள்ளே வர வழி செய்தால் பாதி இடத்தில் விதை தானாகவே முளைக்கும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்கிறார்கள், நாங்களும் அதை நம்புகிறோம். கையுறை, ரப்பர் பூட்ஸ், முகமூடி, பலகை, கூலி ஆகியவைதான் இங்கே செலவு.

ஐம்பது ரூபாயானாலும் ரசீது உண்டு. வங்கிக் கணக்கு விவரம் இத்துடன் இணைத்த தாளில் இருக்கிறது. மூன்று பேர் கையெழுத்தில்லாமல் பணம் எடுக்க முடியாது, அதில் ஒருவர் மீன் விற்கும் பெண்கள் தேர்ந்தெடுத்தவர். வரவு செலவை மாதந்தோறும் கிராமக் கூட்டத்தில் வாசிக்கிறோம். எண்ணெய், கப்பல், மின் நிறுவனங்களிடம் வாங்குவதில்லை. நன்கொடைக்கு வருமான வரியில் கழிவு தரும் 80ஜி சலுகை எங்களிடம் இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களிடம் பணம் வாங்கவும் எங்களுக்கு அனுமதி இல்லை, தயவுசெய்து அனுப்ப வேண்டாம். வெளிநாட்டில் வேலை செய்யும் இந்தியக் குடிமக்கள் தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். வழக்கில் இழப்பீடு கிடைத்தால் அது பாதிக்கப்பட்டவர்களுக்கே போகும், குழு அதில் பங்கு எடுக்காது.

பணம் தர முடியாதவர்களிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. 2017-இலோ 2023-இலோ நீங்கள் இங்கே வந்து படமோ வீடியோவோ எடுத்திருந்தால் போனைத் தேடிப் பாருங்கள். கிடைத்ததை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாதீர்கள், படத்துக்குள் பதிவான தேதியும் இடமும் போய்விடும். அசல் கோப்பைப் பென் டிரைவில் போட்டுக் கொண்டுவாருங்கள். எந்தப் போனில் எடுத்தது என்பதற்கான சான்றிதழில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும், அதைத் தயார் செய்து தருவது எங்கள் வழக்கறிஞர்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
எண்ணூர் முகத்துவாரக் கிராமங்களின் கூட்டுக் குழு