சேமித்த புராஜெக்ட்டைத் தானியங்கிச் சேமிப்பு அழித்தது குறித்த புகார்

அனுப்புநர்
உரிமையாளர்,
ஒலிப்பதிவுக்கூடம்,
மதுரை.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
இசை மென்பொருள் நிறுவனம்.

பொருள்: புதிய பதிப்பின் தானியங்கிச் சேமிப்பு, முடித்து வைத்த புராஜெக்ட் கோப்பின் மேல் எழுதியமை – திருத்தம் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தங்கள் நிறுவனத்தின் இசைத் தயாரிப்பு மென்பொருளை உரிய விலை கொடுத்து வாங்கிப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அண்மையில் வெளியான புதிய பதிப்பை நிறுவிய பின்னர், முழுமையாக முடித்து வைத்திருந்த பக்திப் பாடல் ஒன்றின் புராஜெக்ட் கோப்பு (ஒலித் துண்டுகளின் வரிசையும் ஒலிக்கலவை அமைப்புகளும் பதிந்திருக்கும் கோப்பு), நான் ‘சேவ்’ கட்டளை கொடுக்காமலேயே மேலெழுதப்பட்டு அழிந்துவிட்டது. இதுபற்றி முறையிட்டபோது தங்கள் உதவிப் பிரிவு அளித்த விளக்கங்கள் எனக்கு ஏற்புடையவையாக இல்லை.

ஒரே பாடகர், ஒரே நாதஸ்வர, தவில் குழு என ஒரு தொகுப்புக்குப் பல பாடல்களைப் பதியும்போது, முடிந்த பாடலின் புராஜெக்ட்டைத் திறந்து, டிராக்குகளில் (தனித்தனி ஒலித்தடங்களில்) உள்ள ஒலியை நீக்கிவிட்டு, ஒலியைச் செம்மைப்படுத்தும் ஈகியூ, கம்ப்ரெசர், ரிவெர்ப் அமைப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த பாடலைத் தொடங்குவதும், பின்னர் அதை வேறு பெயரில் சேமிப்பதும் ஒலிப்பதிவாளர் பலரின் வழக்கம். தங்கள் முந்தைய பதிப்பில் தானியங்கிச் சேமிப்பு தனிக் கோப்பில் எழுதியதால் இதில் ஆபத்து இருக்கவில்லை. புதிய பதிப்பிலோ அது திறந்திருக்கும் மூலக் கோப்பிலேயே சில நிமிடங்களுக்கு ஒருமுறை எழுதுகிறது. நிறுவும்போதே இயங்கும் நிலையிலும் வைக்கப்பட்டிருக்கிறது. பழைய ஒலியை நீக்கிவிட்டுப் பாடகருடன் சுருதி சரிபார்த்துக்கொண்டிருந்த இடைவெளியில், எந்த எச்சரிக்கையும் இன்றி, வெறுமையான அந்த நிலை முடிந்த பாடலின் பெயரிலேயே பதிவாகிவிட்டது. மென்பொருளை மூடியதும் ‘அன்டூ’ வரலாறும் போய்விட்டது. காப்புநகல் கோப்புறையில் இருந்த ஒரே நகலும் அடுத்தடுத்த சேமிப்புகளால் மாறிப்போயிருந்தது. மீட்பதற்காக உள்ள நகலையும் அதே வேகத்தில் மாற்றிவிடும் ஏற்பாட்டைக் காப்புநகல் என்று எப்படி அழைக்க முடியும்?

“வேவ் கோப்புகள் வட்டில் அப்படியே உள்ளன, ஆகவே இழப்பு ஏதும் இல்லை” என்பது உதவிப் பிரிவின் முதல் பதில். பதிந்த ஒலி இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் பல்லவியின் எந்த வரி எந்த டேக்கிலிருந்து (மீண்டும் மீண்டும் பதிந்தவற்றுள் எந்தப் பதிவிலிருந்து) எடுக்கப்பட்டது, நாதஸ்வரக்காரர் மூச்சு எடுக்கும் இடத்தில் இரண்டு டேக்குகள் எங்கே இணைக்கப்பட்டன, சரணத்தில் தவிலின் ஒலி எவ்வளவு தணிக்கப்பட்டது, டெம்போ (பாடலின் வேகம்) எங்கே கூடுகிறது என்பன போன்ற அனைத்தும் புராஜெக்ட் கோப்பில் மட்டுமே இருந்தன. அவை போனபின் எஞ்சியிருப்பது பெயரும் எண்ணும் கொண்ட ஒலித் துண்டுகளின் குவியல். அதற்கும் இன்னொரு ஆபத்து உண்டு: மேலெழுதப்பட்ட புராஜெக்ட் அந்தத் துண்டுகளைக் குறிப்பிடாததால், ‘பயன்படாத ஒலிக் கோப்புகளை நீக்கு’ என்ற கட்டளையை யாரேனும் கொடுத்தால், மென்பொருள் அவற்றையும் தேவையற்றவையாகக் கருதி அழித்துவிடும்.

நகல்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் வட்டில் இடம் போதாது என்பது இரண்டாவது பதில். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் பதியும் ஒற்றை மோனோ டிராக் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 மெகாபைட், ஐந்து நிமிடப் பாடலுக்கு 43 மெகாபைட் இடத்தை எடுத்துக்கொள்கிறது. என் புராஜெக்ட் கோப்புகள் 1 மெகாபைட்டைத் தாண்டுவதே அரிது. அப்படியிருக்க, 40 பழைய நிலைகளைச் சேர்த்து வைத்தாலும் ஒரு டிராக்கின் இடம்கூடத் தேவைப்படாது.

இதற்கான தீர்வு பிற மென்பொருள்களில் நெடுங்காலமாகவே இருக்கிறது. புரோ டூல்ஸ் தன் தானியங்கி நகல்களைத் தனிக் கோப்புறையில், ஒன்றன்மேல் ஒன்று எழுதாமல், வரிசை எண்ணுடன் வைக்கிறது. கியூபேஸில் புதிய பதிப்பாகச் சேமிக்கும் கட்டளையைக் கொடுத்தால், பெயரின் இறுதியில் எண் தானாகவே கூடுகிறது. பழைய கோப்பு தொடப்படுவதில்லை.

எனவே தானியங்கிச் சேமிப்பை மீண்டும் தனிக் கோப்புக்கு மாற்றித் தருமாறும், காப்புநகல்களின் எண்ணிக்கையைப் பயனரே முடிவுசெய்ய வழி செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன். முடிந்த புராஜெக்ட்டைப் பூட்டி வைக்கவும், சேமித்த நிலையிலிருந்து பெரும்பாலான டிராக்குகள் நீக்கப்பட்டிருந்தால் எழுதுமுன் பயனரிடம் கேட்கவும் வசதி வேண்டும். திருத்தம் வெளியாகும் வரையிலாவது, தானியங்கிச் சேமிப்பு மூலக் கோப்பிலேயே எழுதுகிறது என்ற அறிவிப்பை, மென்பொருளைத் திறந்தவுடன் அனைவருக்கும் தெரியும்படி காட்ட வேண்டும். வெளியீட்டுக் குறிப்பின் அடியில் ஒரு வரியாக எழுதுவது போதாது. பிற ஒலிப்பதிவுக்கூடங்களில் இந்த நேரத்திலும் முடிந்த பாடல்கள் இதே வழியில் திறக்கப்பட்டுக்கொண்டிருக்கலாம்.

மேலெழுதப்பட்ட கோப்பையும், காப்புநகல் கோப்புறையின் திரைப்பிடிப்புகளையும் (ஸ்கிரீன்ஷாட்), உதவிப் பிரிவுடனான கடிதப் போக்குவரத்தையும் இத்துடன் இணைத்துள்ளேன். இவற்றை மென்பொருளை உருவாக்கும் குழுவினரின் பார்வைக்கு அனுப்பி, திருத்தம் எந்தப் பதிப்பில் வரும் என்பதை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒலிப்பதிவுக்கூட உரிமையாளர்,
மதுரை.